பிழையான சமாதி

ஜப்பானில் பழைய அரசர்களின் சமாதி ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பலகை இருக்குமாம். அதில் மூன்று கட்டளைகள். உள்ளே நுழையக் கூடாது. மீனையும் பறவையையும் பிடிக்கக் கூடாது. மூங்கிலையும் மரத்தையும் வெட்டக் கூடாது.

நான் ஜப்பானுக்குப் போனவளில்லை. ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்து ஏழாம் மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றின் குசினி மேசையில், ஒரு பழைய கம்ப்யூட்டரின் முன்னால் இருந்து அந்த மூன்று வரியையும் ஆங்கிலத்தில் அடித்தேன். அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, இலைகள் கொட்டுகிற காலம். பகலில் ஒரு கம்பனியில் ஃபைல் அடுக்கும் வேலை. பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் யூனிவர்சிட்டி மாணவர்களின் ஆய்வேடுகளை டைப் செய்து கொடுப்பேன். ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பன்னிரண்டு வருஷம் சரித்திரம் படிப்பித்தவள் நான். இங்கே வந்து மற்றவர்கள் எழுதிய சரித்திரத்துக்குக் கமா போட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அடித்துக் கொடுக்கிற ஆய்வேடுகளின் மேல்தான் காட்டுவேன். பிழை கண்டுபிடித்தால் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்பேன். யாரும் கேட்காமலே.

இந்த ஆய்வேட்டை எழுதியவள் ஒசாகாப் பக்கத்தில் பிறந்த ஒரு ஜப்பானியப் பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள். இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை கையெழுத்துத் தாள்களோடு வருவாள். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரமாகச் சோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதற்காகவே அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் குனிந்து வணங்க, அம்மா "இருங்கோ பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லித் தேத்தண்ணி கொடுப்பாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அது இரண்டு பேருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை.

அவள் எழுதியது அந்த அரச சமாதிகளைப் பற்றி. சமாதி என்றால் கல் நட்ட ஒரு மேடை என்று நினைத்தால் பிழை. சில சமாதிகள் ஒரு சிற்றூர் அளவு. மண்ணைக் கொட்டிக் குன்றாக உயர்த்தி, சுற்றிவர அகழி வெட்டித் தண்ணீர் விட்டிருப்பார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் பூட்டின் சாவித்துவாரம் மாதிரி இருக்கும். நிலத்தில் நின்று பார்த்தால் குளத்துக்கு நடுவில் ஒரு காடு, அவ்வளவுதான். கரையில் வாரிவிட்ட வெள்ளைச் சரளைக்கல், ஒரு வேலி, ஒரு தோரணவாயில், அந்தப் பலகை. அரண்மனை அலுவலகத்திலிருந்து குறித்த நாட்களில் ஆட்கள் வந்து உணவு படைத்து வணங்கிவிட்டுப் போவார்களாம். தோண்டிப் பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்குக்கூட அனுமதி இல்லை.

எந்தக் குன்றுக்குள் எந்த அரசர் என்பது நெடுங்காலம் மறந்துபோயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடியாட்சி மறுபடி தலைதூக்கிய காலத்தில் பண்டிதர்கள் பழைய வரலாற்று ஏடுகளை விரித்து வைத்து, இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று பங்கு போட்டுக் கொடுத்தார்கள். சிலது சரி. சிலது ஊகம். ஆறாம் நூற்றாண்டு அரசர் ஒருவருக்கு ஒரு குன்றைக் குறித்து வேலி அடைத்துவிட்டார்கள். ஆனால் அவர் கிடப்பது அங்கேயல்ல, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இன்னொரு குன்றில் என்று இப்போது ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலானோர் சொல்கிறார்கள்.

அவள் இரண்டு இடத்தின் படங்களையும் மேசையில் வைத்தாள். முதல் படத்தில் வாரிய சரளைக்கல், வேலி, பலகை. இரண்டாவது படத்தில் பற்றை மண்டிய ஒரு மேடு. நடுக்காலத்துச் சண்டையொன்றில் அதைக் கோட்டையாக்கிச் சிதைத்தார்களாம். பிறகு ஒரு நிலநடுக்கத்தில் சரிந்ததாம். ஒரு கிழவர் நாயோடு நடந்து போகிறார். இரண்டு பேர் அகழியில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"உண்மையான சமாதியில் மீன் பிடிக்கிறார்கள்" என்றேன்.

"ஆமாம். சின்ன வயதில் நானும் பிடித்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

"அப்படியானால் அந்தப் பலகையைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து நடவேண்டியதுதானே?"

"நட மாட்டார்கள்."

"ஏன்?"

"நூறு வருஷத்துக்கு மேல் அங்கே கும்பிட்டுவிட்டார்கள்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. பிழையைப் பிழை என்று சொல்வதற்குத்தானே சரித்திரம், கும்பிட்டுவிட்டோம் என்பதற்காக ஒரு பொய்யை நூறு வருஷம் காவல் காப்பதா என்று வகுப்பில் நிற்கிறவள்போல அடுக்கிக்கொண்டு போனேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, போன கோடையில் தான் இரண்டு இடத்துக்கும் போனதாகவும் இரண்டு இடத்திலும் குனிந்து வணங்கியதாகவும் சொன்னாள்.

"பிழை என்று தெரிந்த இடத்தில் எதற்கு?"

"அங்கே என் அம்மா குனிந்திருக்கிறாள்" என்றாள்.

இது ஆராய்ச்சியா, வீட்டுப்பாசமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

அப்படி அடித்துப் பேச எனக்கு ஒரு துணிவு இருந்தது. நானும் ஒரு சாவின் நாளை விசாரித்து, ஒப்பிட்டு, கண்டுபிடித்தவள் என்ற துணிவு.

அம்மாவை நான் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டது தொண்ணூற்று மூன்றில். அப்பா வரவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீர் முன்னுக்குப் போம், நான் வீட்டுக்கு ஒரு ஒழுங்கு பண்ணிப்போட்டு வாறன்" என்று அம்மாவை அனுப்பிவைத்தார். இரண்டு வருஷமாகியும் வீட்டுக்கு ஒழுங்கு பண்ணி முடியவில்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி, கொட்டுகிற மழையில் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் அப்பா தனியாக நடந்தார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு டெலிபோன் கோல் வந்தது. எங்களூர்ப் பெடியன் ஒருவன். நாவற்குழிப் பாலத்தடியில் அப்பா விழுந்ததைத் தன் உறவினர் கண்டார்கள் என்றான். தெருவோரமாகத் தூக்கிக் கிடத்தினார்களாம். மூச்சில்லையாம். சனம் தள்ளிக்கொண்டு வந்ததில் நின்று பார்க்க முடியவில்லையாம். நான் விடவில்லை. ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கொழும்புக்கும் லண்டனுக்கும் கோல் மேல் கோல் எடுத்தேன். அந்தப் பாதையால் வந்த மூன்று குடும்பத்தின் சொல்லை எழுதினேன். எப்போது வெளிக்கிட்டார்கள், எப்போது மழை விட்டது, பாலத்தை எப்போது கடந்தார்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டேன். மூன்றும் பொருந்தின. ஐப்பசி, பூர்வபக்க நவமி என்று கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கோட்டை இழுத்தபோது அழுகைக்கு நடுவிலும் ஒரு திருப்தி இருந்தது.

தம்பி நகரத்தின் மற்றப் பக்கத்தில், ரெக்ஸ்டேலில் இருந்தான். ஃபாக்டரி வேலை. அவன் சொன்னது ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே அக்கா." ஐயருக்குக் கோல் எடுத்தோம். அவர் நிதானமான மனிதர். காணாமற்போனவர் என்றால் பன்னிரண்டு வருஷம் பார்த்திருந்துவிட்டுத்தான் கிரியை செய்வது முறை, இறந்தது உறுதி என்றால் உடம்பு இல்லாவிட்டாலும் தர்ப்பைப்புல்லில் உருவம் செய்து எரித்துக் கடனைக் கழிக்கலாம் என்று சொன்னார். பிறகு கேட்டார்: "நிச்சயமோ?"

தம்பி என்னைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஓம் ஐயா. நிச்சயம்" என்றேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூர்வபக்கப் பஞ்சமி, தம்பியின் வீட்டுக் கராஜில் அது நடந்தது. ஒரு முழ நீளத்தில் தர்ப்பைப்புல்லால் அப்பாவைச் செய்து, அலுமினியத் தட்டில் வைத்து எரித்தோம். புகை வெளியே போகக் கராஜ் கதவை அரைவாசி திறந்திருந்தோம். அந்த இடைவெளியால் குளிர் வந்தது. இரண்டு பிடி சாம்பல்கூடத் தேறவில்லை. அதைக் கொண்டுபோய் ரூஜ் ஆறு ஏரியில் கலக்கிற இடத்தில் கரைத்தோம். அங்கேயும் ஒரு அறிவிப்புப் பலகை நின்றது. பறவைகளுக்குத் தீனி போட வேண்டாம் என்று. தம்பி பிண்டத்தைத் தண்ணீரில் போட்டதும் கடற்காகங்கள் வந்து இறங்கிவிட்டன. பலகையைப் பார்ப்பதா அவற்றைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவன் நின்றான்.

அதற்கு முதல், கராஜில், அம்மாவின் தாலியைக் கழற்ற வேண்டியிருந்தது. ஊரில் என்றால் அதற்கென்று வயதான கைம்பெண்கள் இருப்பார்கள். இங்கே ஒருவருமில்லை. நான்தான் செய்தேன். நான் கொழுக்கியில் கை வைத்ததும் அம்மாவின் வலது கை எழும்பித் தாலியைப் பொத்திக்கொண்டது. "அம்மா, கையை எடுங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் பொத்தியபடியே இருந்தாள். பிறகு எடுத்தாள். தாலியைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியால் நெற்றிக் குங்குமத்தையும் நானே துடைத்தேன். நாற்பத்தோரு வருஷம் வைத்த பொட்டு. துடைத்த இடம் வெளிறிப்போய்த் தெரிந்தது.

அடுத்த இரண்டு ஐப்பசியிலும் அந்த நவமிக்குத் தம்பி திவசம் கொடுத்தான். கொப்பியை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

தொண்ணூற்றெட்டுக் கோடையில், கோயிலில் யாரோ சொல்லி ஒரு பெண் என்னைத் தேடிக் கோல் எடுத்தாள். அகதியாக வந்து மூன்று மாதம். நேரில்தான் கதைக்க வேண்டும் என்றாள். அவள் இருந்த பேஸ்மென்டுக்குத் தனியாகப் போனேன். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை, அது ஒன்றுதான் நான் செய்த புத்தியான வேலை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கச் சொன்னாள்.

"அக்கா, உங்கடை அப்பாவை நாங்கள்தான் பாத்தனாங்கள்" என்று தொடங்கினாள். "பாலத்தடியிலை மயங்கிக் கிடந்தார். என்ரை மனுசன் சைக்கிள் கரியரிலை இருத்திக் கட்டிக் கொடிகாமம் மட்டும் உருட்டிக்கொண்டு வந்தவர். பள்ளிக்கூடத்திலை எங்களோடைதான் இருந்தவர்."

"எவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"தைப்பொங்கலும் கழிஞ்சு. தை அமாவாசைக்கு முதல் நாள்தான் மோசம் போனவர். நெஞ்சுச் சளி. மருந்து ஒண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் கனடாவிலையிருந்து கடிதம் வந்ததோ எண்டு கேப்பார். தானும் ரெண்டு எழுதிக் குடுத்துவிட்டவர். வரேல்லையோ?"

வரவில்லை. எங்கேயோ ஒரு தடையில் நின்றுவிட்டிருக்கும். நாங்களும் எழுதவில்லை. செத்த மனிதனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? தேடவும் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் கனடாவிலிருந்து விசாரித்து விசாரித்து, இடம்பெயர்ந்த தங்கள் கிழவர்களைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் வீட்டில் விசாரணை முடிந்துவிட்டது. முடித்தவள் நான். அவர் பள்ளிக்கூட விறாந்தையில் கடிதம் கேட்டுக்கொண்டு கிடந்தபோது நான் ரெக்ஸ்டேலில் அவரைப் புல்லாகச் செய்து எரித்தேன். அவர் பெண்சாதியின் தாலியைக் கழற்றினேன்.

தம்பிக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். என்னைத் திட்டுவான், திட்டட்டும் என்று காத்திருந்தேன். "அம்மாட்டைச் சொல்லாதை அக்கா. தாங்கமாட்டா" என்றான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் ஜப்பானியப் பெண் கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவந்தாள். சமாதிக் குன்றுகளைச் சுற்றி வரிசையாக நட்ட சுடுமண் பொம்மைகளைப் பற்றியது. மனிதர், குதிரை, வீடு. அவை எப்படி வந்தன என்று அவர்களுடைய பழைய ஏட்டில் ஒரு கதை இருக்கிறதாம். ஆதியில் அரச குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய ஏவலாளர்களைச் சமாதியைச் சுற்றி உயிரோடு நிற்க வைத்துப் புதைப்பார்களாம். நாட்கணக்காக அவர்களின் அழுகை கேட்குமாம். அதைக் கேட்கச் சகிக்காத ஓர் அரசர், இனி மனிதருக்குப் பதில் மண்பொம்மை போதும் என்றாராம். கதைதான், மண்ணில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அவளே அடிக்குறிப்பில் எழுதியிருந்தாள்.

அந்தப் பக்கத்தை என்னால் அடிக்க முடியவில்லை. மூன்று தரம் தொடங்கி மூன்று தரம் நிறுத்தினேன். அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது வேலை முடியாததற்கு மன்னிப்புக் கேட்கப்போய், அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தம்பியைத் தவிர எங்கள் ஆட்கள் ஒருவரிடமும் சொல்லாததை. அவள் ஆறுதல் சொல்லவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "நான் இரண்டு படத்தையும் என் அம்மாவிடம் காட்டினேன்" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன சொன்னார்?"

"முன்பே சொல்லியிருக்கலாமே என்றாள்."

அந்த ஐப்பசி நவமிக்கும் திவசம் நடந்தது. தம்பி ஐயருக்கு முன்னால் இருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கவேயில்லை. அம்மா நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். பிழையான சமாதியில் வேலியைக் காக்கிற அலுவலர் நான்தான் என்று அப்போது தெரிந்தது. அவர்களை எவ்வளவு ஏளனம் செய்தேன்!

தையில் சரியான நாளைத் தம்பி வீட்டில் இரகசியமாகச் செய்வோம் என்று பேசிக்கொண்டோம். அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு நான் ரெக்ஸ்டேலுக்குப் போவதாகத் திட்டம். ஆனால் அந்தத் தை மாதம்தான் ரொறொன்ரோவில் பனி கொட்டி, அள்ள ஆளில்லாமல் பட்டாளத்தைக் கூப்பிட்டார்கள். பஸ் இல்லை. தம்பியின் கார் பனிக்குள் புதைந்து கிடந்தது. செய்யாமல் விட எனக்கு மனமில்லை. வீட்டிலேயே காலையில் குளித்து, பச்சைத்தண்ணி பல்லில் படாமல், ஃபிரீசரிலிருந்த வாழையிலையை எடுத்து வைத்துச் சமைக்கத் தொடங்கினேன். வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வெந்தயக் குழம்பு. அப்பாவுக்குப் பிடித்தது.

அம்மா குசினி வாசலில் வந்து நின்றாள். "நாளைக்கெல்லோ அமாவாசை? இண்டைக்கு ஆருக்குப் படைக்கிறாய்?"

பொய்கள் இரண்டு மூன்று வாய்வரைக்கும் வந்தன. பிறகு, ஏனோ தெரியாது, "அம்மா, இருங்கோ. அந்தச் சப்பான் பிள்ளை எழுதின கதை ஒண்டு சொல்லுறன்" என்றேன். அம்மா இருந்தாள். வாழைக்காயை எடுத்துச் சீவிக்கொண்டே கேட்டாள். ஓர் அரசர், அவருக்குப் பிழையாகக் குறித்த ஒரு குன்று, அதற்குப் போட்ட வேலி, நடை தூரத்தில் கவனிப்பாரில்லாமல் கிடந்த உண்மையான குன்று. நூறு வருஷக் கும்பிடு.

அம்மா கத்தியை நிறுத்தினாள். "பிழையான இடத்திலை கும்பிட்டவையின்ரை கும்பிடு எங்கை போனது?"

"தெரியாதம்மா."

அடுப்பில் பருப்பு பொங்கிக் கொட்டியது. நான் எழும்பவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொப்பற்றை கதையோ சொல்லுறாய்?" என்று கேட்டாள்.

சொன்னேன். பாலம், சைக்கிள் கரியர், பள்ளிக்கூடம், நெஞ்சுச்சளி, கடிதம். ஒன்றையும் மறைக்கவில்லை. யார் கொள்ளி வைத்தது என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் புருஷன் என்றேன். விறகு இருந்ததோ என்று கேட்டாள். பனைமட்டையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கிற பலகை வாங்குகளும் என்றேன். தன்னைக் கேட்டாரோ என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், அம்மா இங்கே குளிரைத் தாங்குவாளோ என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாராம் என்று. அதுவும் அந்தப் பெண் சொன்னதுதான்.

"அப்ப, நான் தாலி கழட்டேக்கை அவர் இருந்திருக்கிறார்."

"ஓம் அம்மா."

"அண்டைக்கு என்ரை கை தாலியைப் பொத்திச்சுது. உனக்கு ஞாபகமிருக்கோ?"

"ஓம்."

"எனக்கு மனம் ஏவேல்லை. அவர் இருக்கிறார் எண்டுதான் மனம் சொல்லிச்சுது. ஆனா நீ படிச்ச பிள்ளை. ஊர்ப் பிள்ளையளுக்கே படிப்பிச்சனி. நீ பிழை விடமாட்டாய் எண்டுதான் கையை எடுத்தனான்."

நான் அழுதேன். மூன்று வருஷத்துக்கு முதல் அழ வேண்டிய அழுகை அது. அம்மா என்னைத் தேற்றவில்லை. எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தி, சமையலை முடித்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுத் தானே படைத்தாள். பிறகு சுவர்க் கலண்டருக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு, திதிகளைச் சொல்லிச் சொல்லி விரல்விட்டு எண்ணினாள். தாலி கழற்றிய கார்த்திகைப் பஞ்சமியிலிருந்து, அப்பா மோசம் போன தை அமாவாசைக்கு முதல் நாள் வரைக்கும். இரண்டு தரம் எண்ணினாள். "ஐம்பத்து நாலு நாள்" என்றாள்.

ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இருவரும் ஒரே வீட்டுக்குள், வெளியே ஆளுயரப் பனி. என் வாழ்நாளில் அதைவிட நீளமான கிழமை இல்லை. எட்டாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, "கொப்பரைப் பாத்த அந்தப் பிள்ளையிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றாள். போனோம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் பேஸ்மென்ட் படியில் இருந்தேன்.

தம்பி இனித் தையில்தான் திவசம் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஐப்பசி நவமியை விட்டுவிடலாமென்று நான் சொன்னேன். அம்மா விடவில்லை. "அண்டைக்கும் சமைச்சு ஆருக்கெண்டாலும் சாப்பாடு குடுப்பம்" என்றாள். "அந்த முதல் வருசம் நாங்கள் படைச்சதெல்லாம் எங்கை போயிருக்கும்? பசியோடை கிடந்த மனுசன்ரை வயித்துக்குத்தான் போயிருக்கும்." அவள் தன் கேள்விக்குத் தானே ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதற்குச் சான்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜப்பானியப் பெண் அந்த வசந்தகாலத்தில் பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பினாள். போகுமுன் பைண்ட் பண்ணிய பிரதி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் அம்மாவிடம்தான் கொடுத்தாள். நான் பென்சிலால் கேள்விக்குறி போட்ட இடத்தில் அவள் எதையும் மாற்றவில்லை. மாற்றாதது நல்லது. அம்மா அந்தப் புத்தகத்தைச் சாமிப்படத் தட்டில் வைத்தாள்.

தொண்ணூற்றொன்பது கார்த்திகை. பூர்வபக்கப் பஞ்சமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எனக்கு அது என்ன நாள் என்று தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா விடியவே தலைமுழுகிவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த அரக்குக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு குசினிக்கு வந்தாள். கையில் சாமித்தட்டிலிருந்த குங்குமச் சிமிழ். கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு இருந்தாள்.

"நீதான் அழிச்சனி" என்றாள். "நீயே வை."

தாலியை அவள் கேட்கவில்லை. அது தம்பியின் வீட்டில் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டேன். குங்குமம் மூக்கில் கொட்டியது. "சரியா வை. கோயிலுக்குப் போகோணும்" என்றாள். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் விரலை அவள் நெற்றியிலேயே வைத்திருந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

பஸ் தரிப்பில் எங்கள் பில்டிங்கில் இருக்கிற யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் நின்றார். எங்கள் வீட்டுத் திவசத்துக்கு வந்து சாப்பிட்டவர். அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ரை மனுசன் தை வரைக்கும் இருக்கிறார்" என்றாள்.

பஸ் வந்தது. அம்மா முதலில் ஏறினாள்.